தீராத வயிற்று வலி

"வயித்து வலின்னு எழுதிருங்க டாக்டரம்மா."

திருப்பூர்ப் பக்கம் அவசரப் பிரிவில் நின்ற எந்த டாக்டருக்கும் இந்தக் குரல் பழக்கம். விஷம் குடித்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். உயிர் கைக்குள் வந்த பிறகு, விபத்துகளைப் பதியும் ஏ.ஆர். புத்தகத்தைத் திறப்போம். காரணம் எழுதும் இடத்துக்குப் பேனா வரும்போது அண்ணனோ மாமனோ பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஜாப் ஒர்க் எடுத்துப் பணம் வராமல் போனது, மீட்டர் வட்டி, முறிந்த ஏலச்சீட்டு, குடிகாரப் புருஷன், எதுவாக இருந்தாலும் காகிதத்தில் வயிற்று வலி. மறுநாள் பத்திரிகையின் உள்பக்கத்திலும் 'தீராத வயிற்று வலியால்' என்றே வரும். இந்த ஊர்க்காரர்களுக்கு வயிறு மட்டும் ஏன் இப்படி வலிக்கிறது என்று பயிற்சி டாக்டராக இருந்த காலத்தில் நாங்கள் கேன்டீனில் கேலி பேசியிருக்கிறோம்.

தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அடுத்த ஆண்டே அது அமலுக்கு வந்தது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2024 ஜூலையோடு போயே போனது. வயிற்று வலி மட்டும் போகவில்லை. போலீஸுக்குப் பயந்து சொல்கிற பொய்யாக மட்டும் இருந்தால் போயிருக்கும். வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு தங்கை நிற்பாள்.

2021 ஆகஸ்டில் நானும் ஒரு லீவு லெட்டர் எழுதினேன். ஒன்பது நாள். காரணம்: வயிற்று வலி.

*

அப்பா கட்டிங் மாஸ்டர். எங்கள் வீட்டில் நேரத்துக்கு ஷிப்ட் என்றுதான் பெயர். காலை எட்டரைக்குப் போய் ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒரு ஷிப்ட். ராத்திரி ஒன்பது வரை நின்றால் ஒன்றரை. ஷிப்மென்ட் நெருக்கினால் ஒரு மணி வரை இழுக்கும், அது ரெண்டு. சனிக்கிழமை சாயங்காலம் வரும் சம்பளக் கவரின் முதுகில் அந்த வாரத்து எண்ணிக்கையைப் பென்சிலில் எழுதியிருப்பார்கள். அம்மா பணத்தை எண்ணுவதற்கு முன்னால் அந்தப் பென்சில் எண்ணைத்தான் பார்ப்பாள். 2011 ஜனவரி கடைசியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, துணி நனையாததால் எங்கள் கவரில் மூன்று, மூன்றரை என்று வந்தது. நான் அப்போது எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருஷம். விடுதிக்கு போன் பண்ணும்போது அப்பா சாப்பிட்டாயா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்வார்.

சென்னையில் எம்.டி. படித்த மூன்று வருஷமும் 36 மணி நேர டூட்டி வாரத்தில் இரண்டு, சில வாரம் மூன்று. ஒருமுறை அப்பாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் மனக்கணக்குப் போட்டார்.

"நாலரை ஷிப்ட் ஆச்சே கண்ணு. ஒரே நெலையாவா? எங்க கம்பெனியில இப்படி நின்னா கைய வெட்டிக்குவான். கவர்ல யாரு எழுதறாங்க?"

யாரும் எழுதவில்லை. உறைவிட டாக்டர்களுக்குத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை தரலாகாது, வாரம் 48 மணி நேரம் என்று மத்திய சுகாதாரத் துறை 1992-இலேயே சொல்லி வைத்திருக்கிறது. 48 மணி என்றால் ஆறு ஷிப்ட், அப்பாவின் சாதாரண வாரம். அந்தக் காகிதத்தை யாரும் கிழித்துப்போடவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறார்கள். "எங்க காலத்துல மூணு நாள் தூங்காம நின்னோம்" என்று மூத்தவர்கள் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும். அந்தப் பெருமையை நானும் வாங்கிக்கொண்டேன். ஜூனியர் ஒருத்தி பாத்ரூமில் அழுதுவிட்டு வந்தபோது, முகத்தைக் கழுவிட்டு ரவுண்ட்ஸுக்கு வா என்று சொன்னது நான்தான். அதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதை எழுத எனக்கு உரிமை இல்லை.

2020 ஏப்ரலில் நரம்பியல் அறுவை நிபுணர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். அடக்கம் செய்யப் போனவர்களைக் கல்லாலும் கட்டையாலும் அடித்து விரட்டினார்கள். நள்ளிரவில் அவருடைய நண்பர் டாக்டர் பிரதீப் குமார் மண்வெட்டி எடுத்துக் குழியை மூடினார். விடுதியில் அந்தச் செய்தியைப் பார்த்த இரவு, எங்கள் தளத்தில் யாரும் யாருடனும் பேசவில்லை. எனக்கு இந்த வேலையில் முதல் பயம் வந்தது அன்றைக்குத்தான். சாவைப் பற்றிய பயமாக இருந்திருந்தால் புரிந்திருக்கும். எங்களை யாருக்கும் பிடிக்கவில்லையோ என்ற பயம் அது.

*

படிப்பு முடிந்து திருப்பூருக்கே வந்து சேர்ந்தேன். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம்.

அந்த வருஷம் பனியன் கம்பெனிகள் பலவும் மாஸ்க்குக்கும் முழுக்கவச உடைக்கும் மாறியிருந்தன. கோவையில் சிட்ரா ஜவுளி ஆய்வகத்தில் செயற்கை ரத்தத்தைப் பீய்ச்சி, துணி கசிகிறதா என்று சோதித்த பிறகே உடை வெளியே போகும். அப்பாவும் அதைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்கு வந்ததும் அவருடைய முதல் கேள்வி, "அக்குள்ல புடிக்குதா கண்ணு? எங்க பேட்டர்ன் கொஞ்சம் டைட்டு." பிடிக்கத்தான் செய்தது. ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், சிறுநீர் கழிக்காமல் அதற்குள் நிற்பதைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. தையலில் இருக்கும் குறைக்குத்தான் அவர் பொறுப்பு.

2021 மே 10-இல் ஊரடங்கு. 21-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. மாதக் கடைசியில் தினசரிக் கணக்கில் கோவை சென்னையைத் தாண்டிவிட்டது. பீகார், ஒடிசாவிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த பையன்களுக்கு மூச்சு வாங்குவதைச் சொல்லத் தமிழ் இல்லை, எங்களுக்கு இந்தி இல்லை. விரல் நுனியில் மாட்டிய கருவிதான் மொழிபெயர்ப்பாளர்.

எனக்கு அந்த மாதம் மனதில் ஓடியதெல்லாம் கணக்கு. பெரிய ஆக்சிஜன் சிலிண்டரில் 7 கன மீட்டர், அதாவது 7,000 லிட்டர். மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் வைத்தால் ஏழே முக்கால் மணி நேரம் வரும், ஏறக்குறைய ஒரு ஷிப்ட். ஹை ஃப்ளோ மிஷினில் 60 லிட்டர் ஓடவிட்டால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் வார்டில் இருப்பவர்களை வரிசையாக நிறுத்தி வகுத்துக்கொண்டிருப்பேன். விடை எப்போதும் விடியற்காலை மூன்றரை மணிக்குத் தீர்ந்துபோகும். எழுந்து உட்கார்ந்துகொள்வேன்.

ஓவர்லாக் டெய்லர் ஒரு அக்கா இருந்தார், வயது 34, இரண்டு பிள்ளைகள். மாஸ்க்கைத் தூக்கித் தூக்கிப் பேசுவார். "உங்களுக்கு எத்தனை ஷிப்டுங்க டாக்டரம்மா?" என்று ஒரு ராத்திரி கேட்டார். மூன்று என்றேன். "டபுள் கூலி உண்டுங்களா?" என்றார். நான் கவசத்துக்குள் சிரித்தேன், கண்ணாடி மூடிக்கொண்டது.

அடுத்த நாள் அவருக்கும் இன்னொருவருக்கும் ஒரே நேரத்தில் ஆக்சிஜன் அளவு இறங்கியது. மற்றவர் பல்லடம் பக்கம் தறி வைத்திருந்தவர், 58 வயது, சர்க்கரை. மிஷின் ஒன்றுதான் காலி. யாருக்குப் பிழைக்க வாய்ப்பு அதிகமோ அவருக்கு என்பது விதி. விதிப்படிதான் செய்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதே முடிவைத்தான் எடுப்பேன்.

தினமும் ஐந்து மணிக்கு வெளியே காத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு நாங்கள்தான் போன் செய்ய வேண்டும். அன்று தறிக்காரரின் மகள் எடுத்தாள். "அப்பாவுக்கு ஏதோ மிஷின் வெக்கோணும்னு காலையில சொன்னீங்களே, வெச்சாச்சுங்களா?" என்று கேட்டாள். "பார்த்துட்டு இருக்கோம்மா" என்றேன். "சரிங்க, நீங்க இருக்கீங்கங்கற தைரியம்தானுங்க" என்றாள். மூன்றாம் நாள் விடியலில் அவர் போய்ச் சேர்ந்தார். மரணத்தைச் சொல்லும் போனையும் நான்தான் செய்தேன். அந்தப் பெண் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

இரண்டாம் அலையில் மட்டும் ஏறக்குறைய 800 டாக்டர்களைப் பறிகொடுத்ததாக ஜூன் முடிவில் இந்திய மருத்துவச் சங்கம் சொன்னது. உயிரோடு இருந்தவர்களை எண்ணும் வேலை யாருக்கும் இல்லை.

*

நான் விழுந்தது அலை வடிந்த பிறகு. ஜூலையில் வார்டில் பாதிக் கட்டில் காலி, பேன் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. ஒரு காலை எங்கள் தெருவில் கேஸ் போடும் பையன் சிலிண்டரைச் சாய்த்து உருட்டிக்கொண்டு போனான். அந்த இரும்புச் சத்தத்துக்கு என் நெஞ்சு அடித்த வேகத்தில், மாரடைப்பு என்றே நினைத்து ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அடுத்த வாரமும் எடுத்தேன்.

பிறகு சந்தேகம் பிடித்துக்கொண்டது. டிஸ்சார்ஜ் தாளில் இன்சுலின் அளவைச் சரியாக எழுதினேனா என்று ஏழு தடவை பார்ப்பேன். ராத்திரி இரண்டு மணிக்கு வார்டுக்கு போன் அடிப்பேன். "டாக்டர், இதையே மூணாவது வாட்டி கேக்கறீங்க" என்று சிஸ்டர் மெல்லச் சொன்னார். காலையில் ஸ்கூட்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு அதன் மேலேயே இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பேன். உள்ளே போக வேண்டும் என்று தெரியும், கால் எழாது. கத்தரிக்காய் வாங்குவதா வெண்டைக்காயா என்று அம்மா கேட்டால் பதில் சொல்ல முடியாமல் எரிச்சல் வரும். அழுகை வந்திருந்தால் ஊர்ஜிதமாகியிருக்கும். அழுகையே வரவில்லை. அந்த டெய்லர் அக்கா பிழைத்து, ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு டப்பா எடுத்துக்கொண்டு நன்றி சொல்ல வந்தார். முகத்தைப் பார்க்க முடியாமல் போன் வந்ததுபோல நடித்து வெளியே போய்விட்டேன்.

மனச்சோர்வைக் கண்டுபிடிக்க ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27, பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டும். உடம்பு வலி என்று வரும் கம்பெனிப் பெண்களிடம் நானே அதைத் தமிழில் கேட்டுப் பலருக்கு நோயைக் கண்டுபிடித்திருக்கிறேன். ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு எனக்கே போட்டுப் பார்த்தேன், 7 வந்தது. தனியாக இருக்கும் அறையில், கிழித்துப் போடப்போகும் தாளில் பொய் சொல்லியிருக்கிறேன் என்பது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மறுபடி போட்டபோது 18. சாகும் நினைப்பைக் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு முதல் தடவை பூஜ்யம் போட்டிருந்தேன். இரண்டாவது தடவை போடவில்லை.

அதற்குப் பிறகாவது ஒரு மனநல டாக்டரிடம் போயிருக்க வேண்டும். நான் செய்தது, பிரிஸ்க்ரிப்ஷன் பேடை எடுத்து எஸ்சிடாலோபிராம் 10 மில்லிகிராம் என்று எழுதி, நோயாளி பெயர் போடும் இடத்தில் அப்பாவின் பெயரை எழுதியது. உள்ளூர்க் கடையில் தெரிந்துவிடும் என்று அவிநாசி வரை போய் வாங்கினேன். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது.

சீட்டை ஸ்கூட்டிப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன். பெட்ரோல் போடப் போன அப்பா பார்த்திருக்கிறார். இரண்டு நாள் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு மட்டும் குறைந்தது. மூன்றாம் நாள் ராத்திரி, அம்மா தூங்கிய பிறகு, திண்ணையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு என்ன சீக்கு கண்ணு? எதுவா இருந்தாலும் சொல்லிரு. உன்ற கல்யாணத்தப் பாத்துட்டுப் போற அளவுக்கு நாள் இருக்குதா?"

மகள் டாக்டர், தன் பெயரில் ரகசியமாக மருந்து. புற்றுநோய் என்றே முடிவு கட்டியிருந்தார். அந்த மனிதரின் பயத்தை எடுக்க எனக்கு உண்மையைத் தவிர வேறு மருந்து இல்லாமல் போயிற்று. சொன்னேன். முதல் தடவையாக வாய்விட்டு, முழு வாக்கியமாக. அவருக்குப் பாதி புரிந்திருக்காது. "அப்ப எனக்கு ஒண்ணுமில்லியா?" என்று இன்னொரு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, பின்னல் துணியை ரோலிலிருந்து பிரித்து ஒரு நாள் சும்மா போட்டு வைக்காமல் வெட்டினால் தைத்த பிறகு சுருங்கிவிடும் என்று ஆரம்பித்தார். "நான் துணி இல்லப்பா" என்று எரிந்து விழுந்தேன். "துணியவே போட்டு வெக்கறோம்னுதான் சொன்னேன்" என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை லீவு லெட்டர் எழுதினேன். உண்மையான காரணத்தை அப்பாவிடம் சொல்ல முடிந்த எனக்கு அலுவலகத்துக்கு எழுத முடியவில்லை. பேனா தானாகவே எழுதியது.

அதில் ஒரு வேடிக்கை. இந்த வகை மாத்திரைகள் மனதைத் தொடுவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். வயிற்றைத் தொடுவது முதல் நாளே. குமட்டல், இரைச்சல், வலி. லீவின் ஒன்பது நாளும் எனக்கு மெய்யாகவே வயிற்று வலி.

*

கோவையில் ஒரு மனநல டாக்டரிடம் போனேன். அவருடைய முதல் கேள்வி, "நீங்களா எத்தனை மில்லிகிராம் எடுத்துட்டு இருக்கீங்க?" என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ.

அதற்கு முன் காத்திருக்கும் அறையில் இன்னொரு காட்சி. மாஸ்க், தலையில் துப்பட்டா என்று மூலையில் ஒடுங்கியிருந்த நான் நிமிர்ந்தபோது எதிரே அதேபோல மாஸ்க்கும் தொப்பியுமாக என் கல்லூரி சீனியர். எனக்கு முதன்முதலில் இடுப்புத் தண்டில் ஊசி போடக் கற்றுக்கொடுத்தவர். கண்கள் சந்தித்தன. இருவரும் ஒரே நேரத்தில் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தோம். அவர் பெயரை அழைத்தபோது இனிஷியல் மட்டும் சொன்னார்கள், டாக்டர் என்பதைச் சேர்க்கவில்லை. என்னையும் அப்படித்தான் அழைத்தார்கள்.

நான்கு நாள் கழித்து அவரே போன் செய்தார். "அன்னைக்கு ஒரு பேஷன்ட்டக் கூட்டிட்டு வந்திருந்தேன்" என்றார். நானும்தான் சார் என்றேன். கொஞ்சம் மௌனம். அப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. 2020 ஏப்ரலில் உயிரை விட்ட நியூயார்க் அவசரப் பிரிவு டாக்டர் லார்னா பிரீனைப் பற்றி அவர்தான் சொன்னார். சிகிச்சைக்குப் போனால் லைசென்ஸ் பறிபோகும் என்று பிரீன் பயந்ததாகக் குடும்பத்தார் சொன்னார்களாம். "அங்க லைசென்ஸ் போயிடும்னு பயம். நமக்கு என்ன போயிடும்னு பயந்தோம்?" என்று கேட்டார். எனக்கு வரன் என்றேன். அவருக்கு ஓ.பி. கூட்டமாம்.

2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு அறிக்கை வந்தபோது அதை அவருக்கு அனுப்பினேன். இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு உறுதியாகியிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள், தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 16.2. முதுநிலையில் இது தலைகீழ். பாதிப்பு உறுதியானவர்கள் 15.3, எண்ணம் வந்தவர்கள் 31.2. மேலே ஏற ஏற நோய் குறைகிறது, சாகும் நினைப்பு இரட்டிப்பாகிறது என்று எந்த டாக்டராவது நம்புவாரா? நான் இதை இப்படித்தான் படிக்கிறேன்: சின்னப் பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள், மற்றவர்களுக்கு வயிற்று வலி.

அதே அறிக்கை வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்றது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "ஒம்பதே கால் ஷிப்ட்" என்றார். "கொறைக்கச் சொன்னதே இதுவா?"

சில கதவுகள் திறந்திருக்கின்றன, இல்லை என்று சொல்லமாட்டேன். 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் ஆள் இருக்கிறார்கள். கம்பெனிப் பெண்களுக்கு மாத்திரைச் சீட்டின் பின்னால் அதை எழுதிக்கொடுக்கிறேன். அதே ஆண்டு டிசம்பரில் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களுக்காக 'மனம்' என்ற மன்றத்தை அரசு தொடங்கியது. என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் "ஆங்சைட்டி மேம், இன்னிக்கு முடியல" என்று நேராகவே சொல்கிறார்கள். முதலில் எனக்குக் கோபம்தான் வருகிறது, எங்கள் காலத்தில் என்று நாக்கு எழுகிறது. கிண்டியில் 2024 நவம்பர் 13-ஆம் தேதி புற்றுநோய் டாக்டர் பாலாஜியை ஓ.பி.யிலேயே கத்தியால் குத்திய பிறகு, ஒரு பையன் என் மேசையைத் தள்ளி என் நாற்காலியைக் கதவுக்குப் பக்கமாகத் திருப்பிப் போட்டான். கேட்காமலேயே செய்தான். அது அப்படியே இருக்கிறது.

மாத்திரையை ஒன்றரை வருஷத்தில் டாக்டர் மெல்லக் குறைத்து நிறுத்தினார். போன வருஷம் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. இப்போது சீட்டில் என் பெயர் இருக்கிறது, உள்ளூர்க் கடையிலேயே வாங்குகிறேன். சிலிண்டர் சத்தம் கேட்டால் இன்னும் ஒரு கணம் கை நிற்கும். கோவைக்குப் போவதற்கு இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் லீவு எடுக்கிறேன். போன மாதம் லெட்டரில் 'மனநல ஆலோசனைக்காக' என்று தெளிவாகத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். கிளார்க் அண்ணன் அதைப் பிரித்துப் படிக்காமலேயே சீல் வைத்துக்கொண்டு, "ஒடம்புக்கு என்னங்க டாக்டர்?" என்று கேட்டார்.

"வயித்து வலிங்கண்ணா" என்றேன்.

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பாட்டிலில் ஓமத் தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இன்னும் சூடாக இருந்தது. குடித்தேன்.